அத்தையையும் கூட்டிக்கிட்டு மாலுக்குப் போனா எந்த ஜப்பான் கடை?

பெரியவளுக்கு வர்ற சனிக்கிழமை பொறந்தநாள், 11 முடிஞ்சு 12 ஆரம்பிக்குது. என்னடா வேணும்னு கேட்டா டிரெஸ் வேணாம், கேக் கூட வேணாம், மால்ல இருக்க ஜப்பான் கடையில எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடணும்னு ஒரே புடியா நிக்குறா. எல்லாரும்னா யார் யாருன்னு சொன்னாத்தான் இதுல என்ன கஷ்டம்னு புரியும். நான், வீட்டுக்காரர், பெரியவ, அஞ்சு வயசு சின்னவன், அப்புறம் தூத்துக்குடியில இருந்து எங்ககூட தங்க வந்திருக்க அத்தையும் மாமாவும், மொத்தம் ஆறு பேர். பெரியவளுக்கு சால்மன்னா உயிரு. சின்னவன் சோறு, நூடுல்ஸ், வறுத்த கோழி இந்த மூணத் தவிர எதையும் வாயில வைக்க மாட்டான். நானும் வீட்டுக்காரரும் மாடு, பன்னி ரெண்டும் சாப்பிடறதில்ல. மாமாவுக்கு மீன் இல்லாம சோறு எறங்காது ஆனா பிரஷர் இருக்கு, உப்ப கொறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லிருக்காங்க. அத்தை திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கிட்டு கறி, மீன், முட்டை எல்லாத்தையும் விட்டு 19 வருஷமாச்சு.

சிங்கப்பூர்ல ஜப்பான் கடைக்குப் பஞ்சமே கெடையாது, எந்த மாலுக்குப் போனாலும் கீழ்த்தளத்துல ஒண்ணு, மேல ரெண்டு மூணுன்னு இருக்கும். இது புதுசும் இல்ல, 1972லயே இசெத்தான்ங்கிற ஜப்பான் டிபார்ட்மென்ட் கடை இங்க வந்தாச்சு, 1974ல பிளாசா சிங்கப்பூராங்கிற மால்ல அதே மாதிரி யாவோஹான்னு ஒண்ணு தொறந்தாங்க, அப்பலேர்ந்தே இந்த ஊர்க்காரங்களுக்கு ஷாப்பிங்கும் ஜப்பான் பலகாரமும் ஒண்ணா சேந்து போயிருச்சு. அதனால கடை கெடைக்குமாங்கிறது கேள்வியே இல்ல, எந்த வகைக் கடைங்கிறதுதான் கேள்வி. நான் இந்த ரெண்டு வாரமா யோசிச்சது, போய் மெனு பாத்தது, கடைக்காரங்ககிட்ட கேட்டது எல்லாத்தையும் இங்க எழுதுறேன், இதே மாதிரி கலவையான குடும்பம் நம்மள்ல நெறைய பேருக்கு இருக்கும்ல.

நான் எதை வச்சு முடிவு பண்றேன்னா, எது ஃபேமஸ், எதுல ஆஃபர் போகுதுன்னு பாக்கவே இல்ல. ஆறு பேர்ல யாரால ரொம்ப கம்மியா சாப்பிட முடியுமோ அவங்களுக்கு அந்தக் கடையில ஒரு முழுச் சாப்பாடு கெடைக்குமா, அதான் மொத கேள்வி. இது ஏன் எனக்கு இவ்ளோ முக்கியம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி அத்தை வந்திருந்தப்போ ஒரு மால்ல ஜப்பான் கடைக்குக் கூட்டிட்டுப் போனோம். வாசல்லயே நான் வெஜிடேரியன் இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னாங்க. டோஃபு, அதான் சோயா பன்னீர், அதுல செட் ஒண்ணு சொன்னோம், சோறு, டோஃபு, ஊறுகாய், மிசோங்கிற புளிக்கவச்ச சோயா விழுதுல பண்ண சூப்போட வந்துச்சு. சூப்புல கண்ணுக்குத் தெரிஞ்சது டோஃபு துண்டும் கடல்பாசியும்தான், அதனால எனக்கு எந்த சந்தேகமும் வரல. அத்தை ரெண்டு வாய் குடிச்சாங்க, கிண்ணத்த கீழ வச்சாங்க, "ஏம்மா, இதுல மாசி வாசம்லா அடிக்கு"ன்னாங்க. நான் இல்லத்தை, இது சைவம்தான், கேட்டுட்டுத்தான் வாங்குனேன்னு சொன்னேன். அவங்க மறுபடி மோந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம சூப்ப தள்ளி வச்சுட்டு வெறும் சோத்தையும் ஊறுகாயையும் சாப்பிட்டாங்க. அப்புறம் நான் போய் சமையல்காரர்கிட்டயே கேட்டப்போதான் தெரிஞ்சது, அந்த சூப்போட அடித்தண்ணியே மீன்ல எடுத்தது. 17 வருஷமா காப்பாத்துன வேண்டுதல் என்னோட அவசரத்துல போச்சேன்னு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அத்தை ஒரு வார்த்தை கூட கோவமா சொல்லல, மறுநாள் காலையில குளிச்சுட்டு பூஜை ரூம்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க, அவ்ளோதான்.

அவங்க மூக்கு சரியாத்தான் சொல்லிருக்கு. ஜப்பான் சமையல்ல தாஷின்னு ஒரு சாறு இருக்கு, நமக்குப் புளித்தண்ணி மாதிரி அவங்களுக்கு அதுதான் எல்லாத்துக்கும் அடி. பெரும்பாலும் கொம்புங்கிற கடல்பாசியையும் கட்சுவோபுஷியையும் போட்டு எடுப்பாங்க. கட்சுவோபுஷின்னா சூரை மீன வேகவச்சு, பொகை போட்டு, கட்டை மாதிரி காயவச்சு சீவுறது. நம்ம தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலயும் மாலத்தீவுலயும் இருக்க மாசிக்கருவாடும் அதே சூரையில அதே மாதிரி வேகவச்சு பொகை போட்டுக் காயவைக்கிறதுதான், கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. சின்ன வயசுல மாசி இடிச்சு சம்பல் பண்ண கை அது, ரெண்டு வாய்ல கண்டுபுடிச்சிருச்சு.

அதனால யாராச்சும் சைவக்காரங்கள கூட்டிட்டுப் போனீங்கன்னா வெஜிடேரியன் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, அந்தக் கேள்விக்கு கறித்துண்டு இல்லன்னா இருக்குன்னுதான் பதில் வரும். இந்த சூப்புல, இந்த சாஸ்ல ஃபிஷ் ஸ்டாக் இருக்கா, போனிட்டோ (அந்த சூரை மீன்தான்) இருக்கான்னு பேர் சொல்லி கேளுங்க, ஆர்டர் எடுக்குற பையனுக்குத் தெரியலன்னா கிச்சன்ல கேட்டுட்டு வரச் சொல்லுங்க. மிசோ சூப், ஊடோன்ங்கிற தடி நூடுல்ஸ் சூப், டெம்புராவுக்கு (மாவுல முக்கிப் பொரிச்சது) தொட்டுக்கற சாஸ், ஆவில வேகவைக்கிற முட்டைக் கிண்ணம், பொரிச்ச டோஃபு மேல ஊத்துற குழம்பு, இது எல்லாத்துலயும் தாஷி இருக்கும்னே வச்சுக்கங்க.

சரி, இப்ப ஒவ்வொரு வகையா வர்றேன்.

மொதல்ல சுஷி பெல்ட். சுஷின்னா வினிகர் சேத்த சோத்தோட மீனோ காயோ வச்சு சின்னச் சின்னதா தர்றது. பெரியவ கேக்குறது இதத்தான். தட்டு சுத்திச் சுத்தி வர்ற இந்த ஐடியா 1958ல ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாகிங்கிறவர் ஆரம்பிச்சது, பீர் ஃபேக்டரியில பாட்டில் பெல்ட்டுல போறதப் பாத்து யோசிச்சாராம், 1970 ஒசாகா எக்ஸ்போவுக்கு அப்புறம் ஊரெல்லாம் பரவிருச்சு. இப்ப நெறைய கடையில முன்ன மாதிரி தட்டு சும்மா சுத்திக்கிட்டே இருக்கறதில்ல, டேப்ளட்ல சொன்னா அது மட்டும் நேரா நம்ம டேபிளுக்கு ரயில் மாதிரி வந்து நிக்கும். 2023 ஆரம்பத்துல ஜப்பான்ல ஒருத்தர் பெல்ட் கடையில சோயா சாஸ் பாட்டில நக்கி வீடியோ போட்டு பெரிய பிரச்சனை ஆச்சே, அதுக்கப்புறம் இந்த மாத்தம் இன்னும் வேகமாச்சு. எனக்கு இது நல்லதாத்தான் படுது, யாரு தும்முனாங்களோ யாரு தொட்டாங்களோன்னு நெனக்க வேணாம்.

இந்தக் கடையோட பெரிய பலம் சுஷியே இல்லங்க, தட்டுதான். ஒவ்வொருத்தரும் தனக்கு வேணுங்கறத சின்னத் தட்டுல தனித்தனியா சொல்லிக்கலாம், ஒரு செட் வாங்கி அதுல பாதிய ஒதுக்கி வைக்கிற வேலை இல்ல. அத்தைக்கு வெள்ளரிக்காய் உருட்டு இருக்கு, கப்பா மாக்கின்னு சொல்வாங்க, வெறும் சோறு, பாசி, வெள்ளரிக்காய்தான். அவகாடோ உருட்டு இருக்கு, மயோனைஸ் போடாம கேக்கணும், ஏன்னா அதுல முட்டை. எடமாமே இருக்கு, பச்சை சோயா அவரைய வேகவச்சு உப்பு போட்டது, நம்ம மொச்சை அவிச்ச மாதிரியே இருக்கும், அத்தைக்கு ரொம்பப் புடிக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். ஃப்ரைஸ் இருக்கும், பழம் இருக்கும். ஜாக்கிரதையா இருக்க வேண்டியது இனாரியில, பொரிச்ச டோஃபு பைக்குள்ள சோறு வச்சு பாக்க சைவம் மாதிரியே இருக்கும் ஆனா அந்தப் பைய பெரும்பாலும் தாஷியிலதான் ஊறவச்சு கொதிக்கவிடுவாங்க. முட்டை சுஷியில முட்டையோட தாஷியும் சேத்து இருக்கும்.

பச்சை மீன் பத்தி மாமா பயப்படுறாரு, பேத்திக்கு ஏம்மா அத வாங்கித் தர்றன்னு கேக்குறாரு. அவர் பயத்துல நியாயம் இருக்கு, 2015ல இங்க பச்சை மீன் சாப்ட்டு நெறைய பேருக்கு உடம்பு முடியாமப் போச்சு, ஆனா அது நன்னீர் மீன், கஞ்சிக்கூட வச்சு சாப்பிடற சீன முறை. அந்த வருஷம் டிசம்பர்லயே கடைங்கள்ல நன்னீர் மீன பச்சையா சாப்பிடக் குடுக்கக்கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டாச்சு. சுஷிக் கடையில குடுக்கறது கடல் மீனும் வளர்ப்பு சால்மனும். சால்மன் சுஷியே ஜப்பான்காரங்களோட பழைய பழக்கம் இல்ல தெரியுமா, அவங்க பக்கத்துக் கடல்ல புடிக்கற சால்மன்ல புழு இருக்கும்னு பச்சையா சாப்பிட மாட்டாங்க, 1980கள்ல நார்வேக்காரங்க தங்களோட வளர்ப்பு சால்மன கொண்டு போய் விடாம வித்துத்தான் அந்தப் பழக்கமே வந்துச்சு. இதெல்லாம் சொன்னாலும் ஒரு விஷயத்துல நான் மாமா கட்சி, சின்னவனுக்கும் மாமாவுக்கும் பச்சை மீன் கெடையாது. குட்டிப் பசங்க, வயசானவங்க, கர்ப்பமா இருக்கவங்க தவிர்க்கறதுதான் நல்லது. மாமாவுக்கு வேகவச்ச எறா சுஷி, வாட்டுன விலாங்கு சுஷி இருக்கு, சின்னவனுக்கு வறுத்த கோழி கெடைக்கும்.

இன்னொண்ணு, குட்டிப் பசங்க இருக்கவங்க கண்டிப்பா கேளுங்க. நெறைய பெல்ட் கடையில டேபிள்லயே ஒரு குழாய் இருக்கும், கப்ப வச்சு அழுத்துனா கிரீன் டீக்கு சுடுதண்ணி வரும். கொதிக்கிற தண்ணி. பாக்க கை கழுவற குழாய் மாதிரி இருக்கும், அதுவும் பெல்ட்டுக்குப் பக்கத்துல, பசங்க ஆசப்பட்டு உக்கார்ற எடத்துலயே இருக்கும். நான் சின்னவன நடுவுலதான் உக்கார வைப்பேன், பெல்ட் ஓரமா பெரியவங்க ஒருத்தர்.

குறைன்னா கூட்டம். சனி ஞாயிறு சாயங்காலம் வரிசை பாத்தீங்கன்னா மனசு விட்டுரும், நம்பர் எடுத்துட்டு ஒரு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல. அத்தைக்கு முட்டி வலி, அவ்ளோ நேரம் நிக்க வைக்க முடியாது. அப்புறம் பில்லு, சின்னச் சின்னத் தட்டா இருக்கறதால ஒண்ணும் தெரியாது, ரெண்டு வெள்ளி மூணு வெள்ளின்னு (வெள்ளின்னா சிங்கப்பூர் டாலர்) போய்க்கிட்டே இருக்கும், பெரியவ ஒருத்தியே 10 தட்டு சாப்பிடுவா.

அடுத்து ராமென், அதான் சூடான சூப்புல நூடுல்ஸ். இத நான் சீக்கிரம் முடிச்சுர்றேன், எங்க ஆறு பேருக்கு இது சரிப்பட்டு வராது. கடைங்கள்ல பேர்போன டொன்கொட்சு ராமென்னா அது பன்னி எலும்ப மணிக்கணக்கா கொதிக்கவிட்டு எடுத்த வெள்ளை சூப். பேர் கொழப்பும், டொன்கொட்சுன்னா பன்னி எலும்பு, டொன்காட்சுன்னா பன்னிக்கறிய ரொட்டித்தூள்ல பொரட்டிப் பொரிச்சது, ரெண்டுலயும் பன்னி. கோழி சூப் ராமென் தனியா குடுக்கற கடை இருக்கு, அங்க நானும் வீட்டுக்காரரும் மட்டும் எத்தனையோ தடவ போய் சந்தோஷமா சாப்பிட்டிருக்கோம், ஆபீஸ் முடிஞ்சு ரெண்டு பேரா போறதுக்கு அத அடிச்சுக்க எதுவுமே இல்ல. ஆனா பெரிய குடும்பத்துக்கு வேணாம். எடம் குறுகலா இருக்கும், நூடுல்ஸ் வந்த ஒடனே சாப்பிட்டாகணும், பேசிக்கிட்டு இருந்தா ஊறிப் போயிரும், பின்னாடி வரிசையில நிக்கறவங்க நம்மளயே பாத்துக்கிட்டு இருப்பாங்க. மாமாவோட பிரஷருக்கும் ஆகாது, ஒரு கிண்ணம் ராமென்ல சூப்பையும் சேத்து முழுசா குடிச்சா அஞ்சு கிராம் உப்புக்கு மேல கூட போயிரும், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுசுக்கும் சொல்ற அளவே அஞ்சு கிராமுக்குள்ளதான்.

இரும்புத்தட்டுக் கடை, அதான் சுடச்சுட தட்டுல சோறு, சோளம், கறி எல்லாம் கொண்டாந்து வச்சு நம்மளே பொரட்டிச் சாப்பிடறது. டீனேஜ் பசங்களுக்கு இது கொண்டாட்டம், வெலையும் கம்மி, வரிசையும் வேகமா நகரும். ஆனா இதோட ஸ்பெஷலே மாட்டுக்கறிதான், கோழியும் சால்மனும் இருந்தாலும் கடை முழுக்க அந்தப் பொகையும் வாசமும் நிக்கும். அத்தை அந்த வாசத்துல உக்காரவே மாட்டாங்க. தட்டு வரும்போதே 200 டிகிரிக்கு மேல சூடு, அஞ்சு வயசுப் பையன் கைக்கு எட்டுற தூரத்துல ரெண்டு மூணு தட்டுன்னு நெனச்சாலே எனக்கு நெஞ்சு படபடங்குது. பெரியவளோட ஃப்ரெண்ட்ஸ் கூட அனுப்புறதுன்னா சரி.

தெய்ஷோக்குன்னு சொல்ற செட் சாப்பாட்டுக் கடைதான் எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கம். ஒரு தட்டுல சோறு, ஒரு சூப், ஒரு பெரிய அயிட்டம், ரெண்டு சின்னக் கிண்ணத்துல தொட்டுக்க, கொஞ்சம் ஊறுகாய். வீட்டுச் சாப்பாடு மாதிரி அடக்கமா இருக்கும், நம்ம ஊர் மெஸ் சாப்பாட்டுக்கு இதுதான் கிட்ட வருது. மாமாவுக்கு இங்க சொர்க்கம். சபா ஷியோயாக்கின்னு கேளுங்க, உப்பு தடவி வாட்டுன கானாங்கெளுத்தி ஜாதி மீன், தோல் மொறுமொறுன்னு, மேல துருவுன முள்ளங்கி, பக்கத்துல எலுமிச்சை. மொத தடவ அத சாப்ட்டுட்டு மாமா முள்ளு ஒண்ணொண்ணா எடுத்து தட்டோரமா வரிசையா வச்சாரு, எங்க ஊர் அயிலை இதவிட நெய் கம்மி ஆனா இதுவும் நல்ல மீனுதான்னாரு, அவர்கிட்ட இருந்து அது பெரிய சர்டிபிகேட். உப்பு பயம்னா சூப்பையும் ஊறுகாயையும் விட்டுட்டா கொஞ்சம் கொறையும், கொறஞ்ச உப்பு போடச் சொன்னாலும் சில கடையில செய்வாங்க. சோத்துக்குப் பதிலா பல தானியச் சோறு கெடைக்கற எடமும் இருக்கு, சுகர் இருக்கவங்களுக்கு நல்லது.

எடம் விசாலமா இருக்கும், சோஃபா மாதிரி உக்காந்து பேசலாம், யாரும் வெரட்ட மாட்டாங்க. சின்னவனுக்கு வறுத்த கோழியும் சோறும் ஆச்சு. ஆனா அத்தை? நான் மூணு கடை மெனுவ ஒரு வரி விடாமப் படிச்சேன். காய்கறி டெம்புரா இருக்கு, மாவுல முட்டை, எண்ணெய் எறா பொரிச்ச அதே எண்ணெய். குளிர் டோஃபு இருக்கு, மேல சீவுன மீன் தூவாம வெறும் சோயா சாஸோட குடுக்கச் சொல்லலாம். வெள்ளைச் சோறு. அவ்ளோதான். பொறந்தநாள் அன்னிக்கு எல்லாரும் முழு செட்டோட உக்காந்திருக்க அவங்க மட்டும் வெறும் சோத்தையும் டோஃபுவையும் வச்சுக்கிட்டு உக்காந்தா அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததேதான், சூப்பு மட்டும் இல்ல. அத்தையும் இல்லாத ஒரு நாள்னா, இல்ல மாமாவோட பொறந்தநாள்னா, கண்ண மூடிக்கிட்டு நான் இதத்தான் சொல்வேன்.

கறிக்குழம்புக் கடையையும் யோசிச்சேன். ஜப்பான் கறி, அவங்க கரேன்னு சொல்வாங்க, நம்ம கறிங்கற வார்த்தைதான் இங்கிலீஷ்ல கரியாகி, மெய்ஜி காலத்துல இங்கிலீஷ்காரங்க மூலமா ஜப்பானுக்குப் போய் அங்க கரே ஆச்சு. அதுல நமக்கு இன்னொரு சம்பந்தமும் இருக்கு. ராஷ் பிஹாரி போஸ்னு ஒரு சுதந்திரப் போராட்ட வீரர், இங்கிலீஷ்காரங்கக்கிட்ட இருந்து தப்பிச்சு ஜப்பான் போனவர், டோக்கியோ ஷின்ஜுகுல நாகாமுராயா கடைக்காரங்க வீட்டுலதான் ஒளிஞ்சு இருந்தாரு, அந்த வீட்டுப் பொண்ணையே கல்யாணமும் பண்ணாரு. 1927ல அந்தக் கடையில இந்திய முறை கறிய அறிமுகம் பண்ணது அவர்தான். அதே மனுஷன் 1943 ஜூலை 4ஆம் தேதி இங்க டோபி காட்ல கேத்தே கட்டடத்துல வச்சுத்தான் இந்திய சுதந்திர சங்கத்தோட தலைமைய சுபாஷ் சந்திர போஸ்கிட்ட ஒப்படைச்சாரு. சுபாஷோட இந்திய தேசியப் படையில எத்தனை தமிழங்க சேந்தாங்கன்னு இந்த ஊர்ப் பெரியவங்களுக்குச் சொல்லவே வேணாம். பெரியவகிட்ட இத சொன்னப்போ அவ கண்ணு விரிஞ்சிருச்சு, அந்த வழியா எம்ஆர்டி ரயில்ல போறப்போல்லாம் இப்ப தம்பிக்கிட்ட சொல்றா.

ஆனா பாசத்துக்காக கடைய முடிவு பண்ண முடியாதே. குழம்புக்குக் கரைக்கற கரே மசாலாக் கட்டியிலயே மாட்டுக் கொழுப்போ பன்னிக் கொழுப்போ சேந்திருக்கலாம், காய்கறி கரேன்னு பேர் போட்டிருந்தாலும் குழம்பு அதே பொதுக் குழம்பா இருக்கலாம். நான் கேட்ட ரெண்டு எடத்துல ஒருத்தருக்கும் உறுதியா சொல்லத் தெரியல, அதனால எங்க ஆறு பேருக்கு வேணாம். ஊடோன் கடையும் அதே கதி, நூடுல்ஸ் வெறும் மாவு, உப்பு, தண்ணிதான் ஆனா சூப்பு முழுக்க மீன் சாறு. சின்னவன் மட்டும் வழுக்கிட்டு எறங்குற அந்தத் தடி நூடுல்ஸுக்கு உசுரையே விடுவான்.

பஃபே பத்தி ஒரு வரி, 90 நிமிஷம் கெடு, மிச்சம் வச்சா காசு, எங்களுக்கு ஆகாது.

கடைசியா ஃபுட் கோர்ட். ஜப்பான் ஸ்டால் அநேகமா எல்லா ஃபுட் கோர்ட்லயும் இருக்கும், டெரியாக்கி கோழிச் சோறு, சால்மன் பென்டோ (டப்பாச் சாப்பாடு), ஊடோன்னு 10 வெள்ளிக்குள்ள முடிஞ்சிரும். சாப்பாட்டுத் தரம் சுமார்தான், அத மறைக்க மாட்டேன், சால்மன் கொஞ்சம் வறண்டு போய்த்தான் வரும். ஆனா இங்க நடக்கற ஒண்ணு வேற எங்கயும் நடக்காது, அதே டேபிள்ல அத்தை இந்தியன் ஸ்டால்ல இருந்து சூடா தோசை சாம்பாரோட உக்காந்திருப்பாங்க, பக்கத்துல பேத்தி பென்டோ டப்பாவத் தொறந்து வச்சிருப்பா. யாரும் யாருக்காகவும் விட்டுக்குடுக்க வேணாம். சாதாரண நாள்ல எங்க குடும்பம் இதத்தான் பண்ணுது, நான் இத கம்மியா நெனைக்கவே இல்ல. எங்க பக்கத்து பிளாக்ல இருக்க முஸ்லிம் தோழி குடும்பத்தோட போறப்பவும் ஃபுட் கோர்ட்தான் வசதி, மூயிஸ், அதான் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், அவங்க குடுக்கற ஹலால் சர்டிபிகேட் மாட்டிருக்க ஸ்டால்ல அவங்க வாங்கிக்குவாங்க. பன்னி இல்ல, பன்னிக்கொழுப்பு இல்லன்னு போர்டு மாட்டிருக்கது ஹலால் ஆகாதுன்னு அவங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, மிரின்னு ஒரு அரிசி ஒயின் மாதிரி ஒண்ணு ஜப்பான் சமையல்ல நெறைய சாஸ்ல போவும், அதையும் பாக்கணுமாம்.

காசு கணக்கு ஒண்ணு சொல்லணும், ஊர்ல இருந்து புதுசா வந்தவங்க இதுல அடிபடுவாங்க. மெனுவுல வெலைக்குப் பக்கத்துல பிளஸ் பிளஸ்னு போட்டிருந்தா மொதல்ல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அப்புறம் அந்தக் கூட்டுத்தொகை மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்கு சாப்ட்டா கட்டறது 119 வெள்ளி 90 சென்ட். ஜிஎஸ்டி 2022 வரைக்கும் 7தான் இருந்துச்சு, 2023ல 8, 2024 ஜனவரில இருந்து 9. சில கடையில டீக்கும் ஈரத் துண்டுக்கும் கூட தனியா போடுவாங்க, உக்காந்த ஒடனே கேட்டுக்கங்க. ஃபுட் கோர்ட்ல போர்டுல போட்டிருக்க வெலைதான் வெலை. எங்க ஆறு பேருக்கு நான் போட்ட கணக்குப்படி ஃபுட் கோர்ட் 60 வெள்ளிக்குள்ள, செட் சாப்பாடு 130 கிட்ட, சுஷி பெல்ட் பெரியவ வயித்தப் பொறுத்து 120ல இருந்து 150. பொறந்தநாளுக்கு நாங்க ஒதுக்கி வச்சிருக்கது 150.

இத எல்லாத்தையும் வச்சுப் பாத்தா ரெண்டே ரெண்டுதான் நிக்குது, சுஷி பெல்ட், ஃபுட் கோர்ட். வீட்டுக்காரர் ஃபுட் கோர்ட்டே போதும்னாரு, எல்லாருக்கும் நிம்மதி, காசும் மிச்சம்னாரு. நான் ஒத்துக்கல. அவ கேட்டது ஒரு கடைக்குள்ள போய், ஒரே டேபிள்ல, ஒரே டேப்ளட்ட மாத்தி மாத்தி அமுக்கி எல்லாரும் சேந்து ஆர்டர் பண்றது. அது வருஷத்துக்கு ஒரு நாள்.

அத்தை வேற வழக்கம்போல, நீங்க போய்ட்டு வாங்கம்மா, நான் வீட்டுலயே சாப்ட்டுட்டு சும்மா வந்து உக்காந்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. இத மட்டும் நான் ஏத்துக்கவே மாட்டேன். சாப்ட்டுட்டு வந்து உக்காந்து மத்தவங்க சாப்பிடறத பாத்துக்கிட்டு இருக்கறத நம்ம வீட்டுப் பொம்பளைங்க காலங்காலமா பண்ணிட்டாங்க, அதுவும் பேத்தி பொறந்தநாள்ல வேணாம்.

அதனால சுஷி பெல்ட்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா சாயங்காலம் இல்ல, காலையில கடை தொறக்கறப்பவே. புதன்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமா பாத்து அந்தக் கடைக்கு நான் மட்டும் போனேன், மேனேஜர்கிட்ட நெலமைய சொன்னேன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததையும் சொன்னேன். அந்தப் பொண்ணு அவசரப்படாம உள்ள போய் ஒவ்வொரு டப்பாவா லேபிள் பாத்துட்டு வந்து சொல்லுச்சு, சுஷி சோத்துல வினிகர், சக்கரை, உப்புதான், மீன் சேக்கல, வெள்ளரிக்காய் உருட்டு, மயோனைஸ் இல்லாத அவகாடோ உருட்டு, எடமாமே மூணும் சரி, இனாரி வேணாம், ஊத்திக்கற சோயா சாஸ்ல ஒண்ணு மட்டும் சாதா சோயா, இன்னொண்ணுல மீன் சாறு இருக்குன்னு எந்த பாட்டில்னு கைய வச்சே காட்டுச்சு. தனி கத்தி, தனி பலகையில வெட்டித் தர்றதுக்கும் ஒத்துக்கிட்டாங்க, ஆர்டர் பண்றப்போ கூப்ட்டு சொன்னா போதும்னாங்க.

இதெல்லாம் வீட்டுக்கு வந்து அத்தைக்கிட்ட சொன்னேன். சந்தேகமாத்தான் பாத்தாங்க. அப்புறம் எடமாமே எப்படி இருக்கும்னு கேட்டாங்க, மொச்சை மாதிரின்னேன், தோலோட குடுப்பாங்களா உரிச்சுக் குடுப்பாங்களான்னு கேட்டாங்க, தோலோடன்னு சொன்னதும் அப்ப நல்லாத்தான் இருக்கும்னாங்க.

சனிக்கிழமை 11 மணிக்குக் கடை தொறக்குறாங்க. 10:45க்கு நாங்க ஆறு பேரும் வாசல்ல இருப்போம், அத்தைக்கு மடக்கு நாற்காலி ஒண்ணும் எடுத்துட்டுப் போறேன்.